கலுங்கு வரை ஒரு நடை: தனித்திருக்கும் பெரியவர்களை வெளிக்காற்றுக்குக் கூட்டிப்போக முழு வழிகாட்டி

தெருக்கோடி வீட்டு ஆச்சி ஒருத்தர் போன வருஷம் ஆடியில் என்னைக் கூப்பிட்டு, "ஏ தம்பி, இந்த ரிமோட்ல பேட்டரி தீந்துபோச்சு, கொஞ்சம் மாத்திக் குடு" என்றார். போய்ப் பார்த்தேன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. மாற்றுகிற மாதிரி மாற்றிவிட்டு, அவர் போட்டுக் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்து எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆனது. துபாயில் இருக்கும் மகன், புனலூரில் கட்டிக்கொடுத்த மகள், பேத்தி வாங்கிய ஸ்கூட்டி எல்லாம் அதற்குள் வந்து போயின. டிவியை மட்டும் அவர் போடவே இல்லை.

செங்கோட்டை, புளியரை, பண்பொழி, வடகரை என்று கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது இப்படி இருக்கிறார்கள். வீடு பெரிது, பின்கட்டு வரை டைல்ஸ் போட்டாயிற்று, மாசம் பிறந்தால் பணம் வருகிறது, ஆள்தான் இல்லை. 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் தவிப்பதாகவும், அதோடு தொடர்புடைய சாவுகள் ஆண்டுக்கு 8,71,000 இருக்கும் என்றும் சொல்கிறது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கும் ஆச்சி அந்தக் கணக்கில் ஒரு புள்ளி.

இத்தனைக்கும் மலை எங்கள் வாசலில் நிற்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று கொடியில் காயும் சேலையை இழுக்கிறது. குளம் பத்து நிமிஷ நடையில். போவதற்குத்தான் யாருக்கும் காரணம் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் காரணத்தை உண்டாக்குவது பற்றி. நான் டாக்டர் இல்லை. அப்பா போன பிறகு அம்மாவை வெளியே கூட்டிப்போகப் பாடுபட்டவன். அப்புறம் தெருவில் இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். மூன்று வருஷத்தில் தப்பும் சரியுமாகக் கற்றுக்கொண்டதை, படித்துத் தெரிந்துகொண்ட சிலவற்றோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதல் தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அம்மாவை ஆட்டோ வைத்து ஓர் அருவிக்குக் கூட்டிப்போனேன். கூட்டம், வழுக்குகிற படி, உட்கார இடமில்லை, கழிப்பறைக்கு நீண்ட வரிசை. ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னது: "எய்யா, அங்க எல்லாரும் குடும்பம் குடும்பமா வந்திருந்தாவ." இயற்கை அழகாக இருந்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். தனியாக இருப்பவருக்கு அந்த அழகே குத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படி 1: எந்த மாதிரித் தனிமை என்று பாருங்கள்

தனியாக இருப்பது வேறு, தனிமையாக உணர்வது வேறு. தோட்டத்து வீட்டில் ஒற்றையாக இருந்துகொண்டு நிம்மதியாக வாழும் தாத்தாக்களை எனக்குத் தெரியும். மகன், மருமகள், பேரன் மூவரோடும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாத அத்தையையும் தெரியும்.

ஆராய்ச்சியாளர்கள் இதை அளக்க மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள். கூடப் பேச ஆளில்லை என்று எத்தனை தடவை தோன்றுகிறது, தன்னை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று எத்தனை தடவை, எல்லாரிடமிருந்தும் ஒதுங்கிப்போனதாக எத்தனை தடவை. இதை நம் ஊரில் நேராகக் கேட்டால், "எனக்கு என்ன குறை, பிள்ளைகள் நல்லா வச்சிருக்காங்க" என்றுதான் பதில் வரும். பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதனால் சுற்றி வளைத்துக் கேளுங்கள்: "நேத்து யாரு வந்தா?", "கடைசியா யார் வீட்டு விசேஷத்துக்குப் போனீங்க?", "காய்க்காரர் இன்னிக்கு என்ன சொன்னார்?" காய்க்காரரோடு பேசியதைத் தவிர வேறெதுவும் பதிலில் வராவிட்டால் விஷயம் புரிந்துவிடும்.

கூடவே காதையும் கண்ணையும் பாருங்கள். பலர் ஒதுங்குவது மனசால் அல்ல, காதால். நாலு பேர் பேசும்போது பாதி கேட்காது. கேட்காததைத் திரும்பக் கேட்க வெட்கம். சிரித்துச் சமாளித்து, பிறகு வருவதையே நிறுத்திவிடுவார்கள். புரை விழுந்த கண்ணோடு வரப்பில் நடக்கவும் பயம். இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எந்தக் குளத்துக்குக் கூட்டிப்போயும் பயனில்லை.

சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, "போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்ற பேச்சு அடிக்கடி வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416; பேசுவதற்குக் காசு இல்லை. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. நடை இதற்கெல்லாம் மாற்று மருந்து இல்லை.

படி 2: இடம்

இதில் அவசரப்படாதீர்கள். நல்ல இடம் என்றால் காட்சி நன்றாக இருக்கும் இடம் என்று அர்த்தமில்லை. என் கணக்கு வேறு.

முதல் கேள்வி கழிப்பறை. வயதான பெண்கள் வெளியே வர மறுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், "முட்டு வலிக்கி" என்பார்கள். ஆண்களுக்கும் புராஸ்டேட் தொல்லை உண்டு. பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அடுத்த சில மணி நேரம் அடிக்கடி போக வேண்டியிருக்கும். மாத்திரை நேரத்தைக் கொஞ்சம் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். நாங்கள் கரைக்குப் பக்கத்துத் தோப்புக்காரரிடம் பேசி, மோட்டார் அறையை ஒட்டியிருந்த கழிப்பறையைத் திறந்துவைக்கச் செய்தோம். அந்த ஒரு சாவி கிடைத்த பிறகு வரும் பெண்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஐந்தானது.

இரண்டாவது, உட்காரும் இடம். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும், அது அவர்களுக்கு அவமானம். நாற்காலி உயரத்தில் கல்லோ திட்டோ வேண்டும். எங்கள் குளத்தில், நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்குச் சுவர் சரியான உயரத்தில் அமைந்துவிட்டது. இல்லாத இடத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி தூக்கிப் போகலாம்.

மூன்றாவது, நிழல். புளி, மருது, அரசு எதுவானாலும் சரி. நான்காவது, வீட்டிலிருந்து மெதுவாக நடந்து பத்து நிமிஷத்துக்குள். ஆட்டோ வேண்டும் என்றாகிவிட்டால் வாரம் இரண்டு முறை என்பது மாசம் ஒரு முறையாகி, அப்புறம் நின்றுபோகும்.

காட்டுக்குள் கூட்டிப்போகவே வேண்டாம். வடகரை, மேக்கரைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் யானை வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பன்றியும் உண்டு. அடிவாரத்துத் தோப்பை விடிகாலையில் விட்டுவிடுங்கள். ஊரை ஒட்டிய குளக்கரை, வாய்க்கால் ஓரம், கோயில் நந்தவனம், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி போதும். மலையைத் தூரத்திலிருந்து பார்த்தாலும் மலைதான்.

படி 3: கூப்பிடும் விதம்

என்னைக் கேட்டால் எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது.

"அம்மா, கொஞ்சம் நடந்துட்டு வாங்க, உடம்புக்கு நல்லது" என்று ஆறு மாசம் சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. உடம்புக்கு நல்லது என்று நாம் சொல்லும்போது, உங்களுக்கு ஏதோ கோளாறு என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது. "தனியா இருக்கீங்களே" என்று சொல்வது அதைவிட மோசம்.

ஒரு நாள் மழை விட்ட காலையில், குளத்தங்கரையில் தரையோடு படர்ந்திருந்த செடி ஒன்றைப் போனில் படமெடுத்து வந்து, "அம்மா, இது மூக்கிரட்டைதானே? பறிச்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். படத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். "போட்டோல என்னத்தத் தெரியும்? சாரணைன்னா இலை தடிச்சு நீர்ப்பசையா இருக்கும். மூக்கிரட்டைன்னா அடிப்பக்கம் வெளுத்திருக்கும். திருப்பிப் பாக்காம எப்படிச் சொல்ல?" சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். ஆறு மாசமாகத் தாண்டாத தெருமுனையை அன்றைக்குத் தாண்டினார். பார்த்தால் அது சாரணை. எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது.

அதற்குப் பிறகு நான் யாரையும் நடக்கக் கூப்பிடுவதில்லை. உதவி கேட்கிறேன். எந்த விதையை எந்த மாசம் ஊன்ற வேண்டும், இந்த மரத்துக்குப் பழைய பேர் என்ன, குளம் கடைசியாக மறுகால் பாய்ந்தது எந்த வருஷம், பிசான நெல்லுக்கு நாற்று எப்போது விடுவார்கள். அவர்களுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. கேட்கிறவர் நிஜமாகவே தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. நடிப்பைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளைக் கேட்கவிட்டால் உங்கள் வேலை மிச்சம்.

இன்னொன்றும் உண்டு. எதிரெதிராக உட்காரவைத்து, "சொல்லுங்க, எப்படி இருக்கீங்க" என்றால் பேச்சு வராது. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்து, நடுவில் குளத்தில் ஒரு கொக்கு நின்றால் போதும். கொக்கில் தொடங்குகிற பேச்சு எங்கேயோ போகும். அம்மா அப்பாவைப் பற்றி முதல் தடவையாக அழாமல் பேசியது அப்படித்தான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

படி 4: எவ்வளவு நேரம், எப்போது

இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரை வைத்து 2019இல் வந்த ஆய்வு ஒன்று, வாரத்துக்கு மொத்தம் 120 நிமிஷமாவது இயற்கையான இடத்தில் கழித்தவர்கள், உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொல்வது கூடுதலாக இருந்தது என்கிறது. ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் பெரிய வித்தியாசமில்லை. நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்கள் என்றும் இதைத் திருப்பிப் படிக்கலாம், அதனால் 120ஐ மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திட்டம் போட வசதியான எண். நாங்கள் செவ்வாய், வெள்ளி என்று வைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம்.

நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். "முடிஞ்சப்ப போகலாம்" என்றால் போகவே மாட்டோம். செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருப்பதால்தான் திங்கட்கிழமை ராத்திரி சேலையை எடுத்துவைக்கிறார்கள். எதிர்பார்ப்பு பாதி மருந்து.

முதல் இரண்டு வாரம் வாசல் திண்ணையும் தெருமுனையும் மட்டும். மூன்றாம் வாரம் பாதி தூரம். நாலாவது வாரம்தான் கரை.

எங்கள் பக்கத்துக்குப் பருவக் கணக்கும் வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாரல்; வெயில் சுடாது, வழுக்கும். காலை ஏழரைக்குக் கிளம்பலாம், தலைக்கு மப்ளர் கட்டாயம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு பிடிக்கும். காலையோடு முடித்துவிடுங்கள், இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரி தங்கமான மாதங்கள். குளம் நிறைந்திருக்கும், பறவை வந்திருக்கும். பங்குனி, சித்திரையில் ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்.

படி 5: ஆள் சேர்ப்பது

ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. ஆனால் நீங்கள் வேலைக்குப் போனால் அது நின்றுவிடும். குழுவாகிவிட்டால் நிற்காது.

பின்லாந்தில் முதியோர் மருத்துவர் கைசு பிட்கலாவும் அவருடைய குழுவும் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் 'நண்பர் வட்டம்' என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். தனிமையில் இருக்கும் ஏழெட்டுப் பேர், பயிற்சி பெற்ற இரண்டு வழிநடத்துநர்கள், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு சந்திப்பு. நடத்துபவர் மெல்ல மெல்லப் பின்வாங்க, குழு தானே நடக்கப் பழகுவதுதான் அதன் சூட்சுமம். மூன்று மாசம் முடிந்த பிறகும் பல குழுக்கள் தாங்களாகவே கூடிக்கொண்டிருந்தன. பின்னர் அதையே இயற்கையோடு சேர்த்து, பார்சிலோனா, பிராக், ஹெல்சிங்கி நகரங்களில் சோதித்தார்கள். பிராகிலும் ஹெல்சிங்கியிலும் கலந்துகொண்டவர்கள் முதியவர்கள்.

அந்த எண்களை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். எட்டுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரிந்துவிடும், நாலுக்குக் கீழே போனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே கூட்டம் கலைந்துவிடும். நடத்த இரண்டு பேர் வேண்டும் என்பதும் அனுபவத்தில் சரிதான்: ஒருவர் முன்னே, ஒருவர் மெதுவாக நடப்பவரோடு பின்னே.

ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது. வயதான பெண்களுக்கு அப்படி ஓர் இடமே ஊரில் கிடையாது. எனவே பெண்களை முதலில் சேர்த்தோம். ஆண்கள் பின்னால் தாங்களாக வந்தார்கள், "என்ன, நாங்க வரக் கூடாதா?" என்று. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் முதல் நாளே வரிசையாக நடக்கச் சொன்னார். அவரைப் பறவைக் கணக்கு நோட்டுக்குப் பொறுப்பாக்கிவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது.

குளம் எல்லாருக்கும் பொது என்று சொல்வது சுலபம். யார் கொண்டுவந்த தண்ணீரை யார் குடிப்பார்கள் என்ற கேள்வி இன்னும் எங்கள் ஊரில் செத்துப்போகவில்லை. முதல் மாதம் ஒரே தெரு ஆட்கள்தான் வந்தார்கள். வேறு தெருவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தபோது ஒருவர் நின்றுவிட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆள் சேர்க்கும்போதே வேறு வேறு தெருவிலிருந்து சேர்த்திருந்தால் அந்தச் சங்கடம் வந்திருக்காது. நீங்கள் அப்படிச் செய்யுங்கள்.

பாஷையும் கவனத்தில் இருக்கட்டும். எங்கள் குழுவில் புனலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த சேச்சி ஒருவர் உண்டு. அறுபது வருஷமாகத் தமிழ்தான் பேசுகிறார், ஆனால் செடிகொடியின் பேர் மட்டும் மலையாளத்தில்தான் வரும். தும்பையில் தகராறு இல்லை, இரண்டு பாஷைக்கும் ஒரே பேர். முருங்கையை அவர் 'முரிங்ங' என்று மூக்கால் சொல்லும்போது மட்டும் எல்லாரும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள்.

படி 6: அங்கே போய் என்ன செய்வது

சும்மா உட்கார்ந்திருப்பது முதல் இரண்டு தடவைக்குச் சரி. அப்புறம் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

கீரை எங்களுக்குப் பெரிய கைவேலை. மருந்தடித்த வயலை ஒட்டிப் பறிக்க வேண்டாம். கரையின் மேல்பக்கம் மட்டும். பறித்ததை அங்கேயே ஆய்வது, பங்கு போடுவது, அடுத்த தடவை யார் எப்படிச் சமைத்தார்கள் என்று கேட்பது. வேப்பமுத்து, புங்கங்காய் விழும் காலத்தில் பொறுக்கலாம். குனிய முடியாதவர் பையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

பறவை எண்ணுவதை முதலில் கேலி செய்தார்கள். இப்போது அதற்காகவே இரண்டு பேர் வருகிறார்கள். அசையாமல் நிற்கும் குருட்டுக்கொக்கு, குளத்து மின்கம்பியில் மீன்கொத்தி, முட்புதரில் தவிட்டுக்குருவி. தவிட்டுக்குருவிகள் எப்போதும் கூட்டமாகவே திரியும். எல்லாம் தரையில் இரை பொறுக்கும்போது ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும், பருந்து வந்தால் கத்தும். இதைத் தலைமை ஆசிரியர் சொன்னதும், "அப்ப நம்ம கூட்டத்துக்குக் காவல் யாரு?" என்று ஆச்சி கேட்டார். பதில் தெரிந்தே கேட்டார் என்று நினைக்கிறேன், தலைமை ஆசிரியரைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பதினைந்து நிமிஷம் நின்று எண்ணினாலே அதில் சேர்க்கலாம். ஜனவரியில் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. தாங்கள் எண்ணியது எங்கேயோ ஒரு கணக்கில் ஏறுகிறது என்பது எழுபது வயதுக்காரருக்குக் கொடுக்கும் நிமிர்வை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

பழைய கதைக்கு இடம் விடுங்கள். செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர் ராஜ்யத்தோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த ஊர். எண்பதைத் தாண்டியவர்களில் சிலருக்குச் சின்ன வயதில் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசைக் கையில் தொட்ட ஞாபகம் உண்டு. ஒருவர் ஆரம்பித்தால் போதும், அந்த ஒரு மணி நேரம் பத்தாது.

மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தூரம் போகலாம். எங்களுக்குக் கைகொடுப்பது ரயில். செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் போகும் பாதை 1904இல் திறந்தது. மீட்டர் கேஜை நிறுத்திவிட்டு 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் போதும், காடு தானாக வரும். குகை, ஓடை, கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம். நடக்க வேண்டியதில்லை, கழிப்பறை பெட்டியிலேயே இருக்கிறது. பிளாட்பாரத்தில் ஏறி இறங்கக் கைபிடிக்க மட்டும் ஆள் வேண்டும். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலுக்கும் ஒரு தடவை போனோம். பூவைவிடச் செல்பி எடுப்பவர்கள்தான் அதிகம். வார நாள் காலையில் போவது உத்தமம்.

படி 7: உடம்புக் கணக்கு

கட்டிலிலிருந்து எழுந்ததும் கிளம்ப வேண்டாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். விளிம்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு எழட்டும். கலுங்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் அப்படித்தான். அம்மாவுக்கு அங்கேதான் ஒரு தடவை கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, நல்லவேளை சேச்சி தோளைப் பிடித்துவிட்டார்.

சர்க்கரை உள்ளவர் வெறும் வயிற்றோடு நடக்கக் கூடாது. வேர்த்து, கை நடுங்கினால் உடனே கொடுக்கச் சர்க்கரைப் பொட்டலமோ மிட்டாயோ பையில் இருக்கட்டும். அவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வழியில் கோயில் பிராகாரக் கல் சுட்டாலும் காலுக்குத் தெரியாமல் கொப்பளிக்கும். பின்பட்டை வைத்த செருப்பு நல்லது; ரப்பர் செருப்பு சாரல் காலத்தில் எமன். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

வயதானால் தாகம் தெரியாது. கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி.

கரையில் கண்ணாடிவிரியன் உண்டு. வெளிச்சம் வந்த பிறகுதான் போக வேண்டும், முன்னே போகிறவர் கையில் கம்பு இருக்கட்டும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து 108. மழைக் காலத்தில் அடிவாரப் பக்கம் அட்டை ஏறினால் உப்பு போதும், அதற்குப் பதற வேண்டாம்.

நடக்கவே முடியாதவருக்கு

இதை எட்டாவது படி என்று சொல்ல மனசில்லை. சிலருக்கு இதுதான் முதலும் கடைசியும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரி. பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில் 23 பேருக்கு ஜன்னலுக்கு வெளியே மரங்கள், 23 பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகத் தேவைப்பட்டது. ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு இது. சின்ன ஆய்வுதான். ஆனால் கட்டிலைத் திருப்பிப்போடக் காசா, பணமா? டிவியைப் பார்த்துக் கிடக்கும் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்புங்கள். ஜன்னலில் ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு பிடி அரிசியும் வையுங்கள், குருவி வராவிட்டால் மைனா வரும், மைனா வராவிட்டால் காக்கை கட்டாயம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், கொசு வைக்கும்.

குழு திரும்பும் வழியில் அந்த வீட்டுக்குள் ஐந்து நிமிஷம் எட்டிப் பார்க்கட்டும். கையில் ஏதாவது கொண்டுபோங்கள்: ஒரு கொத்துத் தும்பை, கசக்கி மோந்து பார்க்கத் துளசி, குளத்து ஈரமண் ஒட்டிய ஒரு நத்தைக்கூடு. படுக்கையில் இருக்கும் தாத்தா ஒருவர், எங்கள் கூட்டத்திலேயே தண்ணீர் மட்டக் கணக்குக்குப் பொறுப்பு. கலுங்கில் எத்தனை வரிசைக் கல் தெரிகிறது என்று நாங்கள் போய்ச் சொல்வோம், அவர் நோட்டில் எழுதுவார். குறைத்துச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

நீங்கள் விலகுவது

பன்னிரண்டு வாரம் ஆனதும் பின்வாங்கத் தொடங்குங்கள். கழிப்பறைச் சாவியை ஒருவரிடம், தண்ணீர்ப் பையை ஒருவரிடம், வராதவர் வீட்டுக் கதவைத் தட்டும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கதவைத் தட்டும் வேலைதான் முக்கியம். எங்கள் குழுவில் அது தெருக்கோடி ஆச்சியிடம் இருக்கிறது. "என்னட்டி, இன்னும் கிளம்பலியா?" என்று அவர் போடும் சத்தம் அடுத்த தெரு வரை கேட்கும்.

போன மாதம் ஒரு வேலையாகச் சென்னைக்குப் போய் ஐந்து நாள் தங்க வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டரைக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒன்பதுக்கும் எடுக்கவில்லை. ஒன்பதரைக்கு அவரே கூப்பிட்டார்.

"அம்மா, போகலியா இன்னிக்கு?"

"இப்பதான் வாரோம். சாரல் புடிச்சிக்கிட்டு, தோப்புல ஒதுங்கிட்டோம். ஏய்யா, அந்தப் பெரிய குடையை எங்க வச்சிட்டுப் போன?"